பற்றும் விடுதலும்

ஒரு பொருள் எப்போது தோன்றியது என்பதைச் சொல்வது பெரும்பாலும் எளிது. எப்போது முடிந்தது என்பதைச் சொல்வதுதான் அரிது. வீடு கட்டி முடித்த ஆண்டை நிலைவாசலின் மேல் பொறிக்கிறோம். அது வீடாக இல்லாமற்போன ஆண்டை எவரும் பொறிப்பதில்லை. கூரை சரிந்த நாள் அதன் முடிவா? கடைசிக் குடி கதவைச் சாத்திப் போன நாளா? நிலத்தின் உரிமை கைமாறிய நாளா? இவற்றைவிடக் கடினமான வினா ஒன்றும் உண்டு. ‘இது முடிந்தது’ என்று சொல்லும் உரிமை யாருக்குரியது? ஆக்கியவனுக்கா, உடையவனுக்கா, பயன்கொள்பவனுக்கா?

அறம் உரைத்தோரும் சட்டம் வகுத்தோரும் இவ்வினாவை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். இக்கட்டுரை அவர்களைப் பற்றியதன்று. கணினியின் உள்ளே இயங்குதளத்தை எழுதுவோர் இதே வினாவோடு 60 ஆண்டுகளுக்கும் மேலாக மல்லாடி வருகின்றனர். ஜொகூரில் இன்று கூலாய் வட்டாரத்திலும் இஸ்கண்டார் புத்ரியிலும் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. செம்பனை நின்ற நிலத்தில் இப்போது கணினிகள் வரிசை வரிசையாய் நின்று இரவும் பகலும் உழைக்கின்றன. அத்தகைய மையம் ஒன்றில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர், தம் தொழிலில் உறக்கத்தைக் கெடுக்கும் சிக்கல் எது என்று எனக்கு விளக்கினார். மின்வெட்டு என்பார், சூடு என்பார் என எதிர்பார்த்தேன். ‘ஐயா, ஒரு பொருளை எப்போது விடுவது என்பதுதான்’ என்றார். அதன் பின் அதனைத் தேடிப் படித்தேன். இலக்கணமும் அறமும் கற்பிக்கும் நமக்கு அதில் எண்ணிப் பார்க்கத்தக்கவை பல உள்ளன.

முதலில் சிக்கலைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாம் பள்ளியில் ‘விரலி’ என்று வழங்கும் சிறு சேமிப்புக் கருவியைக் கணினியில் செருகுகிறோம். விரலியின் மொழி வேறு. கணினியின் மொழி வேறு. இரண்டுக்கும் இடையே துபாஷியாக நிற்பது சாதன இயக்கி என்னும் சிறு நிரல். விரலி செருகப்பட்டவுடன் அவ்வியக்கி கணினியின் நினைவகத்தில் ஓர் இடத்தைப் பெற்று, அங்கே விரலியைப் பற்றிய செய்திகளை எழுதி வைக்கிறது: இன்ன சாதனம், இன்ன நிலையில் உள்ளது, இன்னின்ன வேலைகள் நிலுவையில் உள்ளன என்று. இவ்வாறு எழுதப்பட்ட தொகுதியை நிரலாளர் ‘பொருள்’ என்கின்றனர். சாதனம் கையில் தொட்டறியக் கூடியது. பொருள் நினைவகத்தில் உள்ள அதன் படிவம். இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் அனைத்தும் இதைச் சார்ந்தவை.

நினைவகம் எல்லையுடையது. ஆதலின் தேவை தீர்ந்ததும் பொருள் இருந்த இடத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். இயங்குதளம் அவ்விடத்தை வேறொருவருக்கு வழங்கும். இதுவே பொருளின் முடிவு.

இப்போது ஒரு மாணவன் விரலியிலிருந்து கோப்பொன்றைப் படியெடுத்துக் கொண்டிருக்கையில், மற்றொருவன் வந்து அதனைப் பிடுங்கிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நம் பள்ளிக் கணினிக் கூடத்தில் நாள்தோறும் நடப்பதுதான். சாதனம் போயிற்று. அதன் பொருளையும் உடனே அழித்துவிடலாமா? ‘இல்லாத விரலிக்குப் படிவம் எதற்கு?’ என்றே நாம் கேட்போம். ஆனால் படியெடுத்துக் கொண்டிருந்த நிரல், அப்பொருள் இருந்த இடத்தின் முகவரியை இன்னும் கையில் வைத்திருக்கிறது. திரையில் கோப்புகளைக் காட்டும் நிரலும் வைத்திருக்கிறது. பொருளை அழித்து, அவ்விடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? பழைய முகவரியை நம்பி வருபவர், புதிதாகக் குடிவந்தவரின் அறைக்குள் நுழைந்து அவருடைய பெட்டியைத் திறப்பார். நுழைந்தவருக்குத் தாம் தவறிழைப்பது தெரியாது. குடிவந்தவருக்கும் தம் பொருள் கலைந்தது தெரியாது. பிறிதொரு நாள் வேறெங்கோ கணினி நிலைகுலைந்து நிற்கும். அதைவிடத் தீயது, இக்குழப்பத்தை வேண்டுமென்றே உண்டாக்கி உள்ளே புகக் காத்திருக்கும் ஊடுருவிகள் உள்ளனர். விடுத்த பின்னும் பயன்படுத்தல் என்னும் இப்பிழை, கணினிப் பாதுகாப்புத் துறையில் மிகவும் அஞ்சப்படும் பிழைகளுள் ஒன்று.

இதற்கு ஒரு வழியை 1960-ஆம் ஆண்டு ஜார்ஜ் காலின்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்டார். வழி மிக எளியது. ஒவ்வொரு பொருளோடும் ஓர் எண்ணை வைத்துவிடு. அதனைப் பிடிப்பவர் ஒவ்வொருவரும் பிடிக்கும்போது எண்ணில் ஒன்றைக் கூட்டட்டும். விடும்போது ஒன்றைக் கழிக்கட்டும். எண் பூச்சியமானால் பிடித்திருப்பவர் எவருமில்லை. அப்போது, அப்போது மட்டும், பொருள் அழியலாம்.

இவ்வெண்ணுக்குத் தமிழில் என்ன பெயர் தரலாம் என எண்ணியபோது, ‘பற்றெண்’ என்ற சொல் தானாக வந்து நின்றது. பற்று என்னும் சொல் நம் மொழியில் செறிவுடையது. கையால் பிடிப்பதும் பற்று. மனத்தால் விடாதிருப்பதும் பற்று. மளிகைக் கடைக்காரர் நம் பெயரில் எழுதி வைப்பதும் பற்று. பிடிப்பு, ஆசை, கடன் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் குறித்த முன்னோர், பிடித்தவன் கடன்பட்டவன் என்பதை எவ்வளவு இயல்பாக உணர்ந்திருக்கின்றனர்! கணினியார் செய்ததெல்லாம் அந்தக் கடனைக் கணக்கில் எழுதியதுதான்.

ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளமே இன்று உலகின் பெரும்பாலான சேவைக் கணினிகளை இயக்குகிறது. தொடக்கக் காலத்தில் இயக்கி எழுதிய ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் இவ்வெண்ணைக் கூட்டியும் கழித்தும் வந்தனர். 2004-இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் என்பவர் அனைவர்க்கும் பொதுவான பற்றெண் முறையொன்றை அதில் சேர்த்தார். ஒரு சாதனத்தைக் குறிக்கும் பொருளை இயங்குதளத்தில் பதிவு செய்துவிட்டால், அதன் பிறகு அதனை ஆக்கிய இயக்கியே ஆயினும் நேரடியாக அழிக்கக் கூடாது என்பது விதி. அழிப்பதற்கான செயல்முறையை முன்கூட்டியே எழுதி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் அது எப்போது நடைபெறும் என்பது ஆக்கியவர் கையில் இல்லை. அவருக்கு உள்ளது தம் பற்று ஒன்றே. அதை அவர் விடலாம், அவ்வளவுதான்.

இந்த விதியில்தான் நான் நெடுநேரம் நின்றேன். ஆக்கியவனுக்கு அழிக்கும் உரிமை உண்டு என்பது நம்முள் ஆழ ஊறிய எண்ணம். ‘நான் கட்டினேன், நான் இடிப்பேன்’ என்கிறோம். ‘நான் தொடங்கிய கழகம், நான் கலைப்பேன்’ என்கிறோம். பிறர் வந்து பற்றும் வரை அது சரியே. பிறர் ஒருவர் பற்றிய கணத்திலிருந்து ஆக்கியவர் பலருள் ஒருவராகிறார். அவருடைய எண்ணிக்கை ஒன்று. நேற்று வந்தவருடைய எண்ணிக்கையும் ஒன்று. மூத்தவர் என்பதால் இரண்டு எனக் கொள்ளும் வழக்கம் கணக்கில் இல்லை. இது கொடுமையன்று. ஆக்கியவரை அவமதிப்பதும் அன்று. தம்மைக் கடந்து நிற்கும் ஒன்றை அவர் ஆக்கிவிட்டார் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

சாதனம் பிடுங்கப்பட்டபோது நல்லதோர் இயக்கி என்ன செய்கிறது என்று பார்ப்போம். முதலில், புதியவர் எவரும் இனிப் பற்ற வாராதபடி வாயிலை அடைக்கிறது. அடுத்து, ஏற்கெனவே பற்றியிருப்பவர் ஏதேனும் கேட்டால் ‘சாதனம் இல்லை’ என்று உண்மையைச் சொல்கிறது. இருப்பதுபோல் நடிப்பதில்லை, கேட்டவரைக் காக்க வைப்பதுமில்லை. பின்னர்த் தன் பற்றை விட்டு விலகுகிறது. பொருளோ, கடைசியாகப் பற்றியிருப்பவர் விடும் வரை அங்கேயே இருக்கிறது. சாதனத்துக்கு ஓர் ஆயுள். பொருளுக்கு மற்றோர் ஆயுள். முன்னது முடிந்ததால் பின்னதும் முடிந்தது என்று கொள்வதே எல்லாக் கேட்டுக்கும் வேர்.

இவ்வேரை அறிந்த பின்னும் அறிஞர்கள் சறுக்குவதுண்டு. 2007-இல் டெஜுன் ஹியோ என்பவர் இயக்கி எழுதுவோரின் சுமையைக் குறைக்க ஒரு வசதி செய்தார். சாதனத்துக்காகப் பெற்ற யாவும், சாதனம் நீங்கும்போது தாமாகவே திரும்பிவிடும் என்பது அது. திருப்பித் தர மறந்துபோகும் பிழைகள் இதனால் பெரிதும் ஒழிந்தன. ஆனால் வசதி வந்தால் அளவறிந்து பயன்படுத்துவோர் சிலரே. பிறர் பற்றியிருக்கும் பொருள்களையும் பலர் இவ்வசதியின் கீழ் வைத்துவிட்டனர். சாதனம் நீங்கியது, பற்றியிருந்தோர் காலடியில் தரை நழுவியது. 2022-இல் டப்ளின் நகரில் நடந்த லினக்ஸ் வல்லுநர் மாநாட்டில் லோரான் பின்சார்ட் என்பவர் இக்கேட்டை விளக்கி உரையாற்றினார். அதன் மீது எழுந்த விவாதம் பின்னரும் தொடர்ந்தது. வசதியைச் செய்தவர்மீது குற்றமில்லை என்பதே என் கருத்து. சாதனத்தின் ஆயுளோடு பிணைக்க வேண்டியவை உள்ளன. பயன்கொள்வோரின் ஆயுளோடு பிணைக்க வேண்டியவையும் உள்ளன. இரண்டையும் பிரித்தறியும் வேலையை எந்த வசதியும் நமக்காகச் செய்துவிடாது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் கண்முன் நின்றது கணினியன்று, தோட்டம். நம் தமிழ்ப் பள்ளிகளுள் பெரும்பாலானவை தோட்டத்தில் பிறந்தவை. நிலம் தோட்டத்தாருடையது, கட்டடம் பலவிடங்களில் அவர் தந்தது. பள்ளியோ அங்குப் படித்த பிள்ளைகளுடையது. தோட்டம் சாதனம் என்றால் பள்ளி பொருள். 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பிய உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்றுச் சென்றனர்; வாங்கியோர் அவற்றைத் துண்டுதுண்டாக்கி மறுபடி விற்றனர். லயன் வீடு, கோயில், பள்ளி, சுடுகாடு அனைத்தும் தோட்டத்தோடு சேர்ந்தவை என்றே கணக்கிடப்பட்டன. சாதனம் நீங்கினால் யாவும் தாமாக நீங்கும் என்ற அதே வசதி! பற்றியிருந்தோரை எண்ணியவர் எவர்? அந்நாளில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை நாம் பொதுவாகத் தொழிலாளர் சேமிப்பு என்ற அளவில் பாராட்டுகிறோம். சிறு சிறு தொகை செலுத்திய ஒவ்வொரு தொழிலாளியும் ‘நானும் பற்றியிருக்கிறேன்’ என்று கணக்கில் ஏறினார் என்பதே அதன் பெருமை என்று எனக்குப் படுகிறது. ஒருவர் விடும்போது மற்றொருவர் பற்றியிருந்தால் பொருள் அழியாது.

1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன என்பர். இன்று 500-க்குச் சற்றே மேல். மூடப்பட்டவை யாவும் அநீதியால் மூடப்பட்டவை என்று நான் சொல்லமாட்டேன். சில பள்ளிகள் இணைந்தன; சில நகர்ப்புறம் சென்றன. வீடமைப்புப் பகுதியில், நான்கு மாடிக் கட்டடத்தில், பெயரில் மட்டும் ‘தோட்டம்’ என்பதைத் தாங்கி நிற்கும் பள்ளிகளை நாம் அறிவோம். அந்தத் தோட்டம் இன்று இல்லை. சாதனம் போயிற்று, பொருள் இருக்கிறது. அப்பெயரைக் கண்டு நகைப்போரைப் பார்த்திருக்கிறேன். நகைக்கத்தக்கது அதில் ஒன்றுமில்லை.

எனினும் எண்ணிக்கை என்பது நேர்மையை நம்பி நிற்பது. பற்றும்போது கூட்டியவர் விடும்போது கழிக்க மறந்தால் பொருள் ஒருபோதும் அழியாது. எவருக்கும் பயனின்றி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். பற்றாதவர் கழித்தாலோ, பிறர் பற்றியிருக்கும்போதே பொருள் அழியும். முதலாவது வீண், இரண்டாவது கேடு. வீண் தானே என்று முதலாவதை அலட்சியம் செய்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. லினக்ஸில் மறைச்சாவிகளைக் காக்கும் பகுதியில், 2012 முதல் ஒரு சிறு மறதி இருந்தது. ஒரு குறிப்பிட்ட வேளையில் கூட்டிய ஒன்றைக் கழிக்காமல் விட்டுவிடும். 2016 சனவரியில் ஆய்வுக் குழு ஒன்று இதை வெளிப்படுத்தியது. அச்செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் எண் ஏறிக்கொண்டே போகும். எண்ணை எழுத ஒதுக்கிய இடமோ எல்லையுடையது. 429 கோடிக்கு மேல் அதில் எழுத முடியாது. நம் பழைய மோட்டார் வண்டிகளில் தூரம் காட்டும் கருவி 99999-க்குப் பின் மீண்டும் 00000 காட்டுமே, அதுபோல அவ்வெண் சுழன்று பூச்சியத்தில் வந்து நின்றது. பற்றியிருப்போர் இருக்கவே, எவருமில்லை என்று கணக்கு சொன்னது. பொருள் அழிக்கப்பட்டது, ஊடுருவிக்கு வாயில் திறந்தது. இவ்வளவுக்கும் அக்குழுவினரின் கணினிக்குத் தேவைப்பட்ட நேரம் ஏறத்தாழ அரை மணிதான்.

அடுத்த ஆண்டு, 2017-இல், பற்றெண்ணுக்கெனத் தனிவகை எண் ஒன்றை லினக்ஸில் சேர்த்தனர். அது ஓர் எல்லையை எட்டியதும் சுழலாமல் அங்கேயே உறைந்து நின்றுவிடும். உறைந்த பின் யார் கழித்தாலும் குறையாது. அப்பொருள் கணினியை நிறுத்தி மறுபடி தொடங்கும் வரை அழியாது. பூச்சியமாகிவிட்ட பொருளை ஒருவர் மீண்டும் பற்ற முயன்றால் எச்சரிக்கை எழும். இதனை எழுதியோர் ஓர் அறத்தேர்வு செய்திருக்கின்றனர். கணக்கில் ஐயம் வந்துவிட்டது. இனி இரண்டே வழி: இருப்பவர்க்குக் கேடு வரினும் வரட்டும் என்று அழிப்பது, அல்லது வீணாயினும் ஆகட்டும் என்று வைத்திருப்பது. அவர்கள் வைத்திருப்பதைத் தேர்ந்தனர். இத்தேர்வை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். வீண் என்பதும் சுமைதான். சுமை குவிந்தால் கணினி மூச்சுத் திணறும். ஆயினும் வைத்திருந்ததைப் பின்னர் விடலாம். விட்டதைப் பின்னர் வைத்திருக்க இயலாது.

மாணவர் எண்ணிக்கை 150-க்கும் குறைந்த பள்ளிகளை இந்நாட்டில் குறைந்த மாணவர் பள்ளி என்பர். அவற்றுள் சிலவற்றில் ஒரு வகுப்புக்கு மூவர், இருவர் என்ற நிலையும் உண்டு. அப்பள்ளிகளின் செலவைக் கணக்கிட்டுக் காட்டும் அதிகாரியை நாம் உடனே பகைவர் எனக் கொள்கிறோம். அவர் செய்வது அவர் கடமை. ஆனால் அவரிடம் ஒரு வினாவைக் கேட்கலாம்: எதை எண்ணுகிறீர்கள்? இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை மட்டும் எண்ணினால் பூச்சியம் விரைவில் வரும். பள்ளிக்கு இடம் தேடி அலையும் பெற்றோர், மாலையில் வந்து துணைப்பாடம் நடத்தும் இளைஞர், உரிமத்தைக் காத்து வைத்திருக்கும் வாரியம் இவர்களெல்லாம் பற்றியவர் அல்லரோ? பிள்ளைகள் அற்றுப்போன பின்னும் உரிமம் கலையாமல், வேறிடத்தில் மறுபடி பிள்ளைகளைப் பெற்ற பள்ளிகள் இந்நாட்டில் உண்டு. அங்கே பிள்ளைகளின் எண்ணிக்கை பூச்சியமானது; பற்றெண் பூச்சியமாகவில்லை.

அதே வினாவை நம்மை நோக்கியும் கேட்க வேண்டும். கணினி மொழிகள் பலவற்றில் ‘மெலிந்த பற்று’ என்று ஒன்று உண்டு. பொருளின் முகவரியை நினைவில் வைத்திருக்கலாம். ஆனால் எண்ணிக்கையில் சேராது. பிறர் விட்டால் பொருள் அழிந்துவிடும்; மெலிந்த பற்றுடையவர் போய்ப் பார்த்தால் ‘இல்லை’ என்ற விடை வரும். அதில் இழிவு எதுவும் இல்லை, தேவையானதொரு வகைதான். ஆனால் மெலிந்த பற்றை வைத்துக்கொண்டு, தாமே தாங்கி நிற்பதாக எண்ணுவது தகுமா? படித்த பள்ளியைப் பற்றி மேடையில் கண்ணீர் மல்கப் பேசுவோர் நம்மிடையே பலர். தம் பிள்ளைகளை அவர்கள் வேறு பள்ளியில் சேர்த்திருப்பர். அது அவரவர் உரிமை, குறை கூறேன். ஆனால் பள்ளி மூடப்படும் நாளில் எண்ணிக்கையில் அவர்கள் இல்லை என்பதை அவர்களேனும் அறிந்திருக்க வேண்டும். நினைவு வேறு, பற்று வேறு.

எண்ணும் முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. அதை 1963-இலேயே ஹரால்டு மெக்பெத் என்பவர் சுட்டிக் காட்டினார். ஒரு பொருள் மற்றொன்றைப் பற்றியிருக்க, அம்மற்றொன்று முதலாவதைப் பற்றியிருந்தால் என்ன செய்வது? வெளியிலிருந்து எவரும் இரண்டையும் பற்றவில்லை. எவருக்கும் பயனில்லை. ஆயினும் ஒவ்வொன்றின் எண்ணும் ஒன்று, பூச்சியமாவதே இல்லை. ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு என்றும் நிலைத்திருக்கும். இத்தகைய அமைப்புகளைக் காணக் கணினிக்குள் போக வேண்டியதில்லை. தலைவரைச் செயலாளர் முன்மொழிய, செயலாளரைத் தலைவர் முன்மொழிய, ஆண்டுக்கூட்டம் அரை மணியில் முடியும் சங்கங்கள் நம் ஊர்களில் இல்லையா? உறுப்பினர் எவரும் வருவதில்லை. பெயர்ப்பலகை மட்டும் பளபளக்கும்.

இக்குறைக்கு மாற்றாக வேறொரு முறை உண்டு. அதையும் 1960-இலேயே ஜான் மெக்கார்த்தி என்பவர் கண்டார். எவரையும் எண்ணச் சொல்லாமல், அவ்வப்போது வேலையை நிறுத்தி, வேரிலிருந்து தொடங்கி எவையெவை எட்டத்தக்கவை என்று நடந்து பார்ப்பது. எட்டாதவற்றைக் கூட்டித் தள்ளுவது. ஒன்றையொன்று பற்றிய வெற்றுச் சோடிகள் இதில் தப்பா. ஆனால் அனைவரையும் நிறுத்தி அனைத்தையும் பார்க்கும் ஆற்றல் ஒருவர் கையில் இருக்க வேண்டும். இயங்குதளத்தின் உள்ளே அப்படி எல்லாரையும் நிறுத்தி வைப்பது எளிதன்று. ஆகவே அங்கே பெரும்பாலும் எண்ணிக்கையே வழக்காயிற்று. ஊர் முழுவதையும் ஒருவர் சோதிக்கும் ஆட்சிக்கும், ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தாமே எழுதும் ஆட்சிக்கும் உள்ள வேறுபாடு இது. பின்னதையே நான் விரும்புவேன். ஆனால் அதை விரும்புவோர் தம் கணக்கைத் தாமே எழுதும் பழக்கம் உடையவராக இருக்க வேண்டும்.

அண்மையில் வந்த ரஸ்ட் என்னும் நிரல்மொழி, 2022 இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 6.1 பதிப்பு முதல் அதனுள் இடம்பெற்றுள்ளது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உடையவர். பிறர் பெறுவது இரவல். இரவல் பெற்றவர் உடையவரின் ஆயுளைக் கடந்து வைத்திருக்க முயன்றால், நிரல் இயங்கத் தொடங்கும் முன்பே மொழி தடுத்துவிடும். ஒருமை எழுவாய்க்குப் பன்மைப் பயனிலை எழுதிய மாணவனை நாம் அவ்விடத்திலேயே நிறுத்துவது போன்றது. மனச்சான்றுக்கு விட்டிருந்ததை இலக்கணத்துக்குள் கொண்டுவந்திருக்கின்றனர். எனினும் பலர் சேர்ந்து பற்றும் பொருள் என்று வந்துவிட்டால் அம்மொழியும் பற்றெண்ணையே நாடுகிறது.

இறுதியாக ஒன்று. எண்ணைப் பூச்சியமாக்கும் கடைசிப் பற்றாளர் யாரோ, அழிக்கும் பணியும் அவர் தலையிலேயே விழுகிறது. அவர் பொருளை ஆக்கியவராக இருக்க வேண்டியதில்லை. பெரிதும் பயன்பெற்றவராகவும் இருக்க வேண்டியதில்லை. தற்செயலாகக் கடைசியில் எஞ்சியவர், அவ்வளவுதான். சிலவேளை அவர் நிற்க நேரமில்லாத அவசர வேலையின் நடுவில் இருப்பார். அப்போது அவர் அப்பணியைத் தாமே செய்யாமல், அதற்கெனக் காத்திருக்கும் வரிசையில் முறைப்படி சேர்த்துவிட்டுப் போகலாம். சேர்க்காமல் போவதற்குத்தான் அனுமதியில்லை.

பயிற்சிக் கல்லூரியை முடித்த சில ஆண்டுகளில் நான் பணியாற்றிய சிறு தோட்டப் பள்ளி ஒன்று பின்னாளில் மூடப்பட்டது. அதற்குள் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போயிருந்தார்; ஆசிரியர்கள் வெவ்வேறு பள்ளிகளுக்குச் சென்றுவிட்டனர்; எஞ்சிய நான்கு பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்தாயிற்று. கடைசியாக அங்கே இருந்தவர் பள்ளித் தோட்டக்காரர். எழுதப் படிக்க அதிகம் அறியாதவர். மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள், வருகைப் பதிவேடுகள், கைமணி, சாவிக்கொத்து ஆகியவற்றை ஒரு கோணியில் கட்டி எடுத்துக்கொண்டு அவர் பேருந்தேறினார். கல்வி அலுவலகத்தில் ஒவ்வொன்றையும் எடுத்து மேசைமேல் வைத்து, எண்ணிக் காட்டி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தத் தாளை அவர் எனக்குக் காட்டியிருக்கிறார். பதிவேடு 11, மணி 1, சாவி 6.